பதினைந்து மீற்றருக்குள்

தோஹா
3 ஒக்டோபர்

ஷாஹினா ராத்தாவுக்கு,

கோபக்காரருக்கும் ஸலாம் சொல்லலாம். சொன்னால் கோபக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும். எட்டு மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. இது மின்னஞ்சல், என் குரலைக் கேட்கத் தேவையில்லை, வாசித்தால் போதும்.

குடும்ப விஷயம் எதுவும் எழுதவில்லை, பயப்படாதீர்கள். வரைபடச் செயலியின் புதிய பதிப்பை இந்த மாதம் வெளியிடப் போகிறேன். மாரி தொடங்குமுன் உங்கள் அனர்த்தக் குழுவின் போன்களில் அது இருக்க வேண்டும். வேலை பழையபடிதான். உங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா என்று பதிய வேண்டும். தண்ணீர் வந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து ட்ரெக்டர் போகும். ஆட்களை ஏற்றிய வீடு வரைபடத்தில் பச்சையாகும்.

மாறப் போவது 'மேலதிக அமைப்புகள்' என்ற பக்கம். பதினொரு தெரிவுகள் அதில் இருக்கின்றன. பெப்ரவரி ஒத்திகையில் யாரோ அதற்குள் போய் ஒரு எண்ணை மாற்றியதால் ஒரே வீடு பட்டியலில் மூன்று தடவை வந்தது. ஒரே வாசலில் இரண்டு ட்ரெக்டர் போய் நின்றது. அலுவலர்கள் சிரித்ததை இங்கிருந்தே போனில் கேட்டேன். மாறியிருந்தது உங்கள் குழுவில் உள்ள ஜெமீலாவின் போனில். "படிக்காத ஆக்கள்ற கையில குடுத்தா இப்பிடித்தான்" என்று நான் அப்போது சொன்னது தப்பு. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது தப்புத்தான்.

ராத்தா, எனக்கு இந்தப் பக்கத்தைக் கண்டாலே பயம். சுனாமி அன்று வாப்பா ஏன் திரும்பி ஓடினார் என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உம்மா வீட்டுக்குள் இருக்கிறா என்று நினைத்து ஓடினார். உம்மா எங்களோடு றோட்டில் நின்றா. யார் வெளியே வந்துவிட்டார்கள், யார் வரவில்லை என்று ஒரு துண்டுக் கடதாசியில் இருந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அந்தக் கடதாசியைத்தான் பத்தொன்பது வருஷம் கழித்து நான் செய்திருக்கிறேன். அதில் யாருடைய விரலும் தவறிப் படக்கூடாது.

பதினொரு தெரிவில் எதை இருக்க விடலாம், எதை எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். களத்தில் நிற்பது நீங்கள்.

தம்பி அஸ்ஹர்


மருதமுனை
7 ஒக்டோபர்

தம்பி,

வ அலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது, இனி வேலைக்கு வருவோம்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் தெரிவை இருக்க விடு. குழுவில் பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது, கண்ணாடி போட வெட்கம். பதிந்த புள்ளியைக் கையால் நகர்த்தும் தெரிவையும் இருக்க விடு, சிலவேளை போன் எங்களைக் கொண்டுபோய்க் கடலுக்குள் நிறுத்துகிறது. போன முறை பேஷ் இமாமின் வீடு கரையில் இருந்து இருநூறு மீற்றர் உள்ளே மிதந்தது. அவருக்கே காட்டினேன், "நான் என்ன மீனா புள்ள?" என்று கேட்டார்.

மற்றது எல்லாவற்றையும் எடுத்துவிடு. தூரம், மீற்றர் என்று எதுவும் எங்கள் கண்ணில் படவே வேண்டாம். முதலாவதாக அதைத்தான் எடு.

உம்மாவைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். போன மாரியில் இடுப்பு முறிந்ததில் இருந்து பின் வீட்டில் கட்டிலோடுதான். நடு வீட்டில் தங்கச்சி றிபா இருப்பதால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. முன் வீட்டில் இருந்து நானும் ஓடி ஓடிப் போகிறேன். "அஸ்ஹர் கதைச்சானா?" என்று கேட்டால் ஓம் என்று பொய் சொல்கிறேன். அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

ஜெமீலா குழுவுக்கு வருவதில்லை. அவளுடைய ஒழுங்கைக்கு இப்போது ஆள் இல்லை. பெப்ரவரியில் அவள் பதிந்த பட்டியல் மட்டும் இருக்கிறது. நான் போய்க் கூப்பிடவில்லை.

ஷாஹினா


தோஹா
12 ஒக்டோபர்

ராத்தாவுக்கு,

நீங்கள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தெரிவுக்கும் சண்டை பிடிப்பீர்கள் என்று பதில்களை எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். வீணாய்ப் போச்சு.

நேற்று வெளியிட்டுவிட்டேன். இரண்டு தெரிவுதான் இருக்கிறது. சேர்க்கும் தூரம் பதினைந்து மீற்றர் என்று உள்ளேயே கட்டிவிட்டேன். அதாவது பதினைந்து மீற்றருக்குள் இரண்டு புள்ளி விழுந்தால் செயலி அதை ஒரே வீடு என்று எடுக்கும். போன் காட்டும் இடம் எப்போதும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆடும். ஒரே வாசலில் நின்று இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு வீடாகத் தெரியும். ஆகவே முதலில் பதிந்ததை வைத்துக்கொண்டு, அடுத்ததை நகல் என்று விட்டுவிடும். செய்மதிப் படத்தில் நான் அளந்து பார்த்தேன். நமது பகுதியில் ஒரு வளவின் வெளிவாசல் கடப்பில் இருந்து அடுத்த கடப்புக்குக் குறைந்தது பதினெட்டு மீற்றர் இருக்கிறது. பிழை வர இடமில்லை.

உங்கள் ஐந்து ஒழுங்கைகளிலும் 612 பதிவுகள் இருந்தன. சுத்தம் செய்த பிறகு 371 வீடுகள். அவ்வளவு நகல்! பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

உம்மாவிடம் ஸலாம் சொல்லுங்கள். அடுத்த வெள்ளி நானே கதைக்கிறேன்.

அஸ்ஹர்


மருதமுனை
2 நவம்பர்

அஸ்ஹர்,

இதை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். நான் கோபத்தில் எழுதவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுப் பகல் பட்டியலைத் திறந்து நமது மூன்று வீடும் உள்ள வளவைத் தேடினேன். ஒரு புள்ளி இருந்தது. என் பெயர், ஆட்கள் நான்கு, நடக்க முடியாதவர் இல்லை. அவ்வளவுதான். றிபா இல்லை. உம்மா இல்லை.

நீ கடப்பில் இருந்து கடப்பை அளந்தாய். கடப்புக்கு உள்ளே எத்தனை வீடு என்று அளந்தாயா? முதல் மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்னால் ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அதையும் கொடுத்துவிட்டு இன்னும் பின்னுக்குப் போவார்கள். உனக்கு இது தெரியாத விஷயமா? ஆனால் நீ கல்யாணம் முடித்து அக்கரைப்பற்றுக்குப் போனவன். பிறகு கட்டாருக்குப் போனவன். ஆண்பிள்ளைகளுக்கு உம்மாவின் வீடு என்றால் கடப்போடு நின்றுவிடும். என் வாசலில் இருந்து றிபாவின் வாசல் ஏழு மீற்றர். உம்மாவின் வாசல் பதின்மூன்று. வாப்பாவின் பழைய முழக்கோலால் அளந்தேன்.

எங்கள் பெண்கள் முன் வீட்டில் தொடங்கித்தான் பின்னால் போவார்கள். செயலி முதலில் பதிந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விடும் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் விடுபடுவது யார் என்று யோசித்துப் பார். எந்த வளவை எடுத்தாலும் கடைசி வீட்டில் இருப்பது வயதுபோன தாய் தகப்பன். நீ சுத்தம் செய்தது நகலை இல்லை தம்பி, ஊரில் உள்ள வயதாளிகளை. என் ஒழுங்கையை மட்டும் நடந்து எண்ணினேன். நாற்பத்தொன்பது வீடு பட்டியலில் இல்லை. அதில் பதினாறு வீட்டில் கட்டிலோடு கிடக்கிற ஆட்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை.

பெப்ரவரியில் அந்த எண்ணை மாற்றியது ஜெமீலா இல்லை. நான்தான். ஒத்திகை அன்று காலையிலும் உம்மாவின் வீடு பட்டியலில் வரவில்லை. பக்கத்தில் கிடந்தது அவளுடைய போன். உள்ளே போய் 15 என்று இருந்ததை 3 ஆக்கினேன். உம்மா வந்தா. மற்ற வீடுகள் இரட்டையாகும் என்று எனக்குத் தெரியாது. பிறகு நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். ஜெமீலா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை அலுவலர்கள் முன்னால், குழுவின் செயலாளர், நான் எப்படிச் சொல்வது? உன் மேல் கோபம் என்று எட்டு மாதம் போன் எடுக்காமல் இருந்ததும் பாதி நடிப்பு. எங்கே கேட்டுவிடுவாயோ என்ற பயம். ஒக்டோபரில் மீற்றரை எடு என்று துள்ளினதும் அதற்குத்தான். புதிய பதிப்பில் நீ எல்லாவற்றையும் திருத்தியிருப்பாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அந்தத் தெரிவைத் திற. வங்காள விரிகுடாவில் இந்த மாதம் தாழமுக்கம் வரும் என்கிறார்கள்.

ஷாஹினா


தோஹா
4 நவம்பர்

ராத்தா,

வாசித்துவிட்டு அலுவலகத்தில் இருந்து வெளியே போய் வெயிலில் நின்றேன்.

ஜெமீலாவின் விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதவில்லை. வார்த்தையைச் சொன்னது நான். நீங்கள் மறைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் தெரிவைத் திறக்க என்னால் முடியாது. தயவுசெய்து வாசியுங்கள். நல்ல எண்ணத்தோடு, உம்மாவுக்காக, உங்களைப் போலப் படித்த ஆசிரியை ஒருவர் அந்த எண்ணைத் தொட்டதற்கே ஒத்திகை நாசமானது. 3 என்று போட்டதற்குப் பதில் தவறிப்போய் 300 என்று போட்டிருந்தால்? ஒரு ஒழுங்கையே ஒரு வீடாகியிருக்கும். இந்தச் செயலி உங்கள் ஐந்து ஒழுங்கையில் மட்டும் இல்லை. பொத்துவில் வரைக்கும் பதினான்கு குழுக்கள் வைத்திருக்கிறார்கள். எங்கே யார் எதைத் தொடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நானே தூரத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஐந்து மீற்றர் என்றால் உம்மா வருகிறா, ஆனால் வீடுகள் இரட்டையாகின்றன. பத்து என்றால் றிபா போய்விடுகிறாள். நான்கு ட்ரெக்டரை வைத்துக்கொண்டு இல்லாத வீட்டைத் தேடி ஒன்றை அனுப்பினால், இருக்கிற வீட்டுக்கு அது போகாது. அதனாலும் ஓர் உயிர் போகும், அதுவும் ஒரு மௌத்துத்தான். எந்த எண்ணைப் போட்டாலும் யாரோ ஒருவர் விடுபடுகிறார். நேற்று முழுக்க மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் யாருடைய வாசல் மறைகிறது என்று பார்க்கிறேன். பிறகு என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

அஸ்ஹர்


மருதமுனை
6 நவம்பர்

தம்பி,

நீ பயந்திருக்கிறாய். நானும் பயந்திருக்கிறேன். ஆனால் பயந்தவன் கதவைப் பூட்டினால் உள்ளே யார் மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டாமா?

மீற்றரை எங்களிடம் ஏன் கேட்கிறாய்? ஒழுங்கையில் யாரிடமாவது போய் "உங்கட வீட்டுக்கும் உம்மாட வீட்டுக்கும் எத்தின மீற்றர்?" என்று கேள், சிரிப்பார்கள். "இந்த வளவுக்குள்ள எத்தின அடுப்பு எரியிது?" என்று கேள். சின்னப் பிள்ளையும் சொல்லும். அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. கல்யாண வீட்டுக்கு அழைப்புச் சொல்லப் போகிறவரும் அடுப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறவரும் அதைத்தான் கேட்கிறார். மூன்று அடுப்பு என்று நாங்கள் பதிந்தால், மூன்று வீட்டையும் நீ தொடாதே. எவ்வளவு கிட்ட இருந்தாலும் சேர்க்காதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்னொன்று. நீ விட்டதை எங்களுக்குக் காட்டு. 241 பதிவை எடுத்து எங்கே போட்டாய்? யார் யாரை நகல் என்று நினைத்தாய் என்று பட்டியலின் அடியிலாவது எழுதி வைத்திருந்தால் முதல் நாளே உம்மாவின் பெயரைக் கண்டிருப்பேன். எங்கள் கை தவறும் என்று மறைத்தாய். உன் கை தவறினால் நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

ஷாஹினா


தோஹா
19 நவம்பர்

ராத்தா,

அடுப்பு சரி. நான் இரண்டு நாள் அதற்கு எதிராக யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. விட்டவர்களின் பட்டியலும் சேர்த்துவிட்டேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் பதினான்கு குழுவுக்கும் அனுப்ப முடியாது. 28ஆம் திகதி வெளிவரும்.

காலநிலைப் படத்தை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டம் நடக்கும்போதும் மேசைக்குக் கீழே வைத்துப் பார்க்கிறேன். ஆகவே இதைச் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும். செயலியின் கடைசிப் பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும். அதை ஏழு தடவை தொடர்ந்து தொடுங்கள். பழைய 'மேலதிக அமைப்புகள்' திறக்கும். செயலியைச் செய்கிற நாங்கள் பாவிக்க வைத்த வழி அது. தூரத்தை 3 ஆக்குங்கள், உங்கள் ஒழுங்கையின் பட்டியலில் எல்லோரும் வருவார்கள். இரட்டையாக வருவதை நீங்களே கையால் அழியுங்கள். வேறு யாரிடமும் காட்டாதீர்கள்.

அஸ்ஹர்


மருதமுனை
24 நவம்பர், காலை

தம்பி,

இரண்டு நாளாக விடாத மழை. வயல் பக்கத்துத் தண்ணீர் பெரிய றோட்டைத் தொட்டுவிட்டது.

நீ சொன்னபடி செய்தேன். உம்மா வந்துவிட்டா. "நடக்க முடியாதவர் 1" என்று சிவப்பில் எழுதியிருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். முழு ஒழுங்கையின் பட்டியலையும் துப்பரவாக்கிவிட்டேன். மற்ற மூன்று ஒழுங்கைப் பெண்களிடமும் பின் வீடுகளைக் கடதாசியில் எழுதி ட்ரெக்டர்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.

மிச்சம் ஜெமீலாவின் ஒழுங்கை. அங்கே ஆள் இல்லை. போனில் உள்ள பட்டியலை வைத்துத்தான் ட்ரெக்டர் போகும். அவளுடைய வளவிலும் மூன்று அடுப்பு. முன் வீட்டில் அவளுடைய ராத்தா, நடுவில் இவள், பின்னால் அவர்களுடைய வாப்பா, அப்துல் ஸமட் காக்கா, பக்கவாதம். ஜெமீலாவைக் கட்டிய மாப்பிள்ளை சவூதியில். நான் போய் அவளுக்கு அந்த ஏழு தடவைத் தட்டலைக் காட்டட்டுமா? அவளுக்கு ஒழுங்கை முழுக்கத் தெரியும். உடனே பதில் போடு.

ஷாஹினா


தோஹா
24 நவம்பர், பகல்

ராத்தா,

வேண்டாம். அவர் மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு கை அதற்குள் போக வேண்டாம். தூரத்தை மாற்றிவிட்டு அழிக்காமல் விட்டால் அந்த ஒழுங்கை முழுக்கக் குழம்பிவிடும். நான்கு நாள்தானே? 28ஆம் திகதி வரை பொறுங்கள். தாழமுக்கம் வடக்கே திரும்பும் என்று இப்போது காட்டுகிறது.

அஸ்ஹர்


மருதமுனை
3 டிசம்பர்

அஸ்ஹர்,

கரன்ட் நேற்றுத்தான் வந்தது. றிபா உன்னோடு இரண்டு நிமிஷம் கதைத்தாளாம். உம்மா சுகம் என்று மட்டும் சொன்னாளாம். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

26ஆம் திகதி சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. கடலில் இருந்து வரவில்லை, மேற்கே வயலில் இருந்து. எட்டு மணிக்கு ட்ரெக்டர்கள் வந்தன. ஓட்டியவர்கள் எல்லோரும் வெளியூர். எங்கள் வளவில் மூன்று வாசலுக்கும் வந்தார்கள். முகாமுக்குக் கொண்டுபோக உம்மாவைக் கதிரையோடு நான்கு பேர் தூக்கினார்கள். "மெல்லமா மனே, மெல்லமா" என்று அவர்களுக்கு உம்மா கட்டளை போட்டுக்கொண்டே போனா.

ஜெமீலாவின் வளவுக்கும் ட்ரெக்டர் போனது. அவளுடைய ராத்தா குடும்பம் முதல் நாளே ஜெமீலாவின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாண்டிருப்பில் மேட்டில் உள்ள சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டது. வாப்பாவைத் தூக்க ஆள் இல்லாததால் ஜெமீலா அவரோடு பின் வீட்டில் நின்றாள். வந்தவர்கள் கடப்பில் நின்று பார்த்தார்கள். பட்டியலில் ஒரு வீடு. அது பூட்டிக் கிடந்தது. ஆட்கள் போய்விட்டார்கள் என்று பச்சையாக்கிவிட்டுப் போனார்கள். மழை இரைச்சலில் அவள் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் முகாமுக்குப் போன் எடுத்தாள், தம்பி. இரண்டு தடவை எடுத்தாள். போனை எடுத்த பிள்ளை வரைபடத்தைப் பார்த்தது. "உங்கட வளவு பச்சை ராத்தா. ஆள் ஏத்தியாச்சி எண்டு கிடக்கு." ஜெமீலா சொன்னாளாம், "நான்தானே புள்ள கதைக்கிறன், நான் இஞ்சதான் நிக்கிறன்." அந்தப் பிள்ளை பார்த்துச் சொல்கிறேன் என்றதாம். பிறகு போன் செத்துவிட்டது.

ஸமட் காக்காவைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி, மேசை மிதக்காமல் அவள் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பிடித்திருக்கிறாள். பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும். அவளுடைய மச்சான்காரர், ராத்தாவைக் கட்டியவர், பாண்டிருப்பில் இருந்து சந்தேகத்தில் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்துதான் கண்டார். காக்காவுக்குக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானார்.

சுனாமி அன்று நமது வாப்பா, வீட்டுக்குள் ஆள் இருக்கா இல்லையா என்று தெரியாமல் திரும்பி ஓடினார். அதற்காகத்தான் நீ இதைச் செய்தாய். இந்தத் தடவை யாருமே திரும்பி ஓடவில்லை. பச்சை என்று இருந்தது.

உன்னை மட்டும் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்று எழுதியதை வாசித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்ற நிம்மதி. அடுத்த ஒழுங்கை, நடந்தால் ஐந்து நிமிஷம். மீற்றரும் மண்ணும் எனக்கு எதற்கு? "ஸமட் காக்காவைத் தூக்க ஆள் இருக்கா?" என்று வாயால் கேட்டிருந்தால் போதும். நான் போகவில்லை.

நேற்றுக் குழுவைக் கூட்டி, அலுவலர்களையும் வரச்சொல்லி, பெப்ரவரியில் எண்ணை மாற்றியது நான் என்று எழுந்து நின்று சொன்னேன். பிறகு ஜெமீலாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அந்த போனைத் தாங்க ராத்தா. எங்கட ஒழுங்கைய இனி நான்தான் எடுப்பன்" என்றாள்.

ஷாஹினா


தோஹா
18 ஜனவரி

ராத்தா,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் 24ஆம் திகதி நான் எழுதிய கடிதம் கண்ணில் படுகிறது. ஏழு வரி. அதில் "நான்கு நாள்தானே" என்று இருக்கிறது.

புதிய பதிப்பு எல்லாக் குழுவுக்கும் போய்விட்டது. அடுப்பு முதல் கேள்வி. தூரமும் வெளியே, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். பெயரை மட்டும் மாற்றினேன்: 'எவ்வளவு கிட்ட இருந்தால் இரண்டு வீட்டை ஒன்றாக எண்ணலாம்?' மாற்றினால் யார் யார் பட்டியலில் இருந்து போகிறார்கள் என்று பெயரோடு காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் சரி என்று அழுத்தலாம். ஏழு தட்டலை எடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் தெரிந்த கதவு எதுவும் இனி அதில் இல்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. இப்போது பதினான்கு ஊரின் கையும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எண்ணைப் பார்த்த பிறகுதான் தேநீர் குடிக்கிறேன்.

ஜெமீலாவுக்கு நான் போன் எடுத்தேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் செயலியில் எழுத்து இன்னும் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்குங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றே பெரிதாக்கினேன்.

இன்று பகல் அவருடைய ஒழுங்கையின் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. தன் வளவைக் கடைசியாக எடுத்திருக்கிறார். அடுப்பு: 3. முன் வீடு, ஆட்கள் 5. நடு வீடு, ஆட்கள் 3. பின் வீடு, ஆட்கள் 0, நடக்க முடியாதவர் 0. பெப்ரவரியில் அந்த இடத்தில் அவரே ஒன்று, ஒன்று என்று பதிந்திருந்தார். நகல் என்று நான் விட்ட 241 பதிவில் அது இருந்தது.

ஆள் இல்லாத வீட்டைப் பதிந்தால் "இந்த வீட்டை அழிக்கவா?" என்று செயலி கேட்கும். ஜெமீலா வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார்.

அஸ்ஹர்